கணினிக்கூடமும் அதன் சாவியும்

(ஒலுவில் துறைமுகத்தை அண்டிய ஊர்களின் கடற்றொழிலாளர் குடும்பத்தினரும் ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சொற்பப் பொருட்செலவில், வீண் காலதாமதமின்றி, ஊர்மக்கள் யாவரும் வந்து பயன்கொள்ளத்தக்க கணினிக்கூடமொன்றை இக்கரையோரத்தில் அமைப்பது சாத்தியமா என்ற வினாவை எனக்குரிய விஷயமாகத் தந்திருக்கிறீர்கள். சாத்தியம் என்பதே என் விடை. அதிலே எனக்கு ஐயம் எதுவுமில்லை. ஆனால் அவ்விடையோடு வேறொன்றையும் சேர்த்தே சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். கூடத்தின் கதவை ஒரு வாரத்திலே திறந்துவிடலாம். திறந்த கதவு ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னும் மாலைதோறும் திறந்திருக்குமா என்பதைத் தீர்மானிப்பது கணினியின் விலையுமன்று, வேகமுமன்று, அதன் சாவி எவர் கையில் இருக்கிறது என்பதேயாகும். இன்று நான் பேசப் போவதெல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே அமையும்.

ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கைப்பேசி இருக்கும் இந்நாளில் பொதுக் கணினிக்கூடம் எதற்கு என்று இங்கே சிலர் எண்ணக்கூடும். அது நியாயமான எண்ணமே. கைப்பேசி பார்ப்பதற்கும் கேட்பதற்கும் மிகச் சிறந்த சாதனம். எனினும் ஒரு விண்ணப்பத்தைப் பிழையறத் தயாரிப்பதற்கும், ஒரு சங்கத்தின் வரவுசெலவுக் கணக்கை எழுதிச் சரிபார்ப்பதற்கும், மருதமுனையில் கைத்தறி நெய்வோர் தம் புதிய கரை வடிவங்களை வரைந்து பார்ப்பதற்கும், உயர்தரம் பயிலும் மாணவர் பொதுத் தகவல் தொழினுட்பப் பரீட்சைக்குப் பயிற்சி பெறுவதற்கும் விசைப்பலகையும் அகன்ற திரையும் பக்கத்தில் அமர்ந்து சொல்லித் தருவார் ஒருவரும் அவசியமாகின்றன. கடற்றொழிலாளருக்கோ இவ்வவசியம் இன்னும் நெருக்கமானது. 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கையின் மீன் இறக்குமதியைத் தடைசெய்து, 2016 ஜூனிலேயே அத்தடையை நீக்கிற்று என்பது உங்களுக்குத் தெரியும். மீனின் தரத்திலே குறை கண்டு விதித்த தடையன்று அது. ஆழ்கடல் செல்லும் படகுகள் எங்கே சென்றன, என்ன பிடித்தன என்பதற்குரிய பதிவும் கண்காணிப்பும் போதாமையே அதற்குப் பிரதான காரணங்களுள் ஒன்றாயிற்று. கடலிலே உயிரைப் பணயம் வைத்துப் பிடித்த மீன், கரையிலே எழுதப்படாத ஒரு பதிவினால் விலைபோகாமற் போகும் காலம் இது. அந்தப் பதிவை வாப்பாவுக்கு எழுதிக் கொடுக்க வல்ல ஒரு மகனோ மகளோ வீட்டில் இருப்பது வலைக்கும் இயந்திரத்துக்கும் அடுத்த மூலதனம் என்பது என் அபிப்பிராயம்.

நம் ஒலுவில் துறைமுகத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் அப்பால் செல்ல எனக்கு மனம் வரவில்லை. மர்ஹும் எம்.எச்.எம். அஷ்ரஃப் அவர்கள் துறைமுகங்களுக்குப் பொறுப்பான அமைச்சராயிருந்த காலத்தில் கனவு கண்டு விதையிட்டவை இரண்டு: ஒன்று 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி மறு ஆண்டே முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம், மற்றொன்று இத்துறைமுகம். 2000 செப்டெம்பரில் அவர் விமான விபத்தில் மறைந்து பல ஆண்டுகள் கழிந்தபின், டென்மார்க்கின் கடனுதவியோடு 2008 இல் வேலை தொடங்கி, 2013 செப்டெம்பர் முதலாந் திகதி துறைமுகம் திறந்து வைக்கப்பட்டது. பின்னர் நிகழ்ந்ததை உங்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. வாயிலிலே மணல் குவிந்தது. வடபுறக் கரையைக் கடல் அரித்துத் தென்னந்தோட்டங்களை விழுங்கிற்று. படகுகள் உள்ளே வரவும் வெளியே செல்லவும் மாட்டாமல் தவித்தன. அலைதடுப்புச் சுவர் கட்டப்பட்ட கரையில் மணலின் இயற்கையான ஓட்டம் தடைப்படுவதும், அம்மணலை இடைவிடாது தோண்டி அகற்றுவதற்கு நிதியும் பொறுப்பும் முன்கூட்டியே வகுக்கப்பட வேண்டுவதும் துறைமுகப் பொறியியலில் புதிய செய்திகளல்ல. கட்டுவதற்குப் பணம் கிடைத்தது. கட்டியதைப் பேணுவதற்குரிய ஏற்பாடு போதவில்லை. பெரிய காரியத்துக்கு நேர்ந்த இக்கதி சிறிய காரியத்துக்கும் நேரும்.

விரைவாகச் செய்தல் என்ற விஷயத்துக்கு வருகிறேன். இக்கரைக்கு அதிலே ஒரு துயரமான சம்பந்தம் உண்டு. 2004 டிசெம்பர் 26 ஆந் திகதி காலை கடல் பொங்கி வந்தபோது, இந்நாட்டின் எந்த மாவட்டத்தைக் காட்டிலும் அதிக உயிர்களை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை, நம் அம்பாறை மாவட்டமே பறிகொடுத்தது. சாய்ந்தமருதிலும் கல்முனைக்குடியிலும் மருதமுனையிலும் குடும்பம் குடும்பமாய் மறைந்தவர்களை இங்கே அமர்ந்திருப்போரில் பலர் தம் சொந்தத்திலேயே அறிவீர்கள். காணாமற் போனோர் யார், எந்த முகாமில் எவர் இருக்கிறார், எந்த நிறுவனம் எங்கே உதவுகிறது என்று ஒருங்கே எழுதி வைக்க ஒரு சாதனமும் இல்லாத அந்த நாட்களில், கொழும்பிலே இலங்கை மென்பொருள் வல்லுநர்கள் தொண்டர்களாகத் திரண்டு, எவரும் தம் விருப்பப்படி உபயோகிக்கவும் மாற்றவும் பகிரவும் உரிமையுள்ள சுதந்திர மென்பொருளைக் கொண்டு, சில வாரங்களுக்குள் ‘சஹனா’ என்னும் அனர்த்த முகாமைத்துவ அமைப்பை எழுதி முடித்தார்கள். அது அடுத்த ஆண்டு பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் அதற்கடுத்த ஆண்டு பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் உபயோகமாயிற்று. சமூகப் பயன்பாட்டுக்குரிய சுதந்திர மென்பொருள் விருதும் 2006 இல் அதற்குக் கிடைத்தது. பணமும் கால அவகாசமும் இல்லாதபோதும் பெரிய காரியம் ஆகும் என்பதற்கு, நம்முடைய துயரத்தின் நிமித்தமே பிறந்த இந்தச் சான்றைவிட வேறென்ன வேண்டும்?

கடல் பொங்கிய அதே நாளில், கடலுக்கு அப்பால், புதுச்சேரிக்கு அருகிலுள்ள நல்லவாடு என்னும் மீனவர் கிராமத்தில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிப் பகுதியில் கிராம அறிவு மையங்களை ஏற்படுத்தி வந்தது. வில்லியனூரில் ஒரு தலைமை மையம்; அங்கிருந்து கம்பியில்லாக் கருவி வழியாகக் கிராமங்களுக்குச் செய்தி சென்றது; மின்சாரம் நம்பத்தகாத இடங்களில் சூரிய சக்தியும் துணைநின்றது. நிறுவனம் கணினியையும் பயிற்சியையும் தந்தது. இடத்தையும் தொண்டர்களையும் கிராமமே தரவேண்டும் என்றும், சாதி பேதமின்றி எல்லோரும் உள்ளே வர உரிமை இருக்க வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தது. தொண்டர்களில் பெரும்பாலோர் அவ்வூர்ப் பெண்களே. வீராம்பட்டினம் என்ற மீனவர் கிராமத்தில் அவர்கள் செய்த வேலை எனக்கு என்றும் வியப்பளிப்பது: அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்தில் வெளியாகும் அலை உயர முன்னறிவிப்பைத் தினந்தோறும் இறக்கித் தமிழில் எழுதி, ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். கணினியைத் தம் ஆயுளில் தொட்டிராத மீனவரும் அந்தக் கணினியால் பயனடைந்தார்.

நல்லவாட்டிலும் அத்தகைய மையமொன்று இருந்தது. சுனாமி வந்த அந்த ஞாயிறு காலை, சிங்கப்பூரில் வேலைசெய்த அவ்வூர் மீனவர் மகன் ஒருவர், இந்தோனேசியாவில் கடல் பொங்கிய செய்தியைத் தொலைக்காட்சியில் கண்டு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். ஊரார் பூட்டியிருந்த மையத்தின் கதவை உடைத்து உள்ளே புகுந்து, ஒலிபெருக்கியை இயக்கி, எல்லோரும் ஓடுங்கள் என்று எச்சரித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அக்கிராமம் உயிர் தப்பிற்று. மையம் அவர்களுடைய சொந்தம் என்ற உணர்ச்சி இருந்தமையாலேதான் கதவை உடைக்க அவர்கள் கணப்பொழுதும் தயங்கவில்லை. பிறர் சொத்தென்று நினைத்திருந்தால் சாவிக்காரரைத் தேடிக்கொண்டிருந்திருப்பார்கள். இதனாலேயே சாவியைப் பற்றி நான் இத்தனை வலியுறுத்துகிறேன்.

இனி மறுபுறத்தையும் பார்க்கவேண்டும். நம் நாட்டில் 2005 முதல் அரசாங்கம் அமைத்த ‘நெனசல’ நிலையங்களை நீங்கள் அறிவீர்கள். கோயில், பன்சாலை, பள்ளிவாசல், நூல்நிலையம் என்று மக்கள் இயல்பாகக் கூடும் இடங்களில் நூற்றுக்கணக்காக அவை தோன்றின. 2014 இல் பில் - மெலிண்டா கேட்ஸ் அறநிறுவனம் பத்து இலட்சம் டொலர் பரிசளித்து அத்திட்டத்தைப் பாராட்டிற்று. அப்பாராட்டு தகுதியுடையதே, இணையம் என்பதை முதன்முதலில் அங்கேதான் கண்டோம் என்று சொல்வோர் இன்றும் பலர். ஆயினும் மானியம் நின்ற பிறகு மின்கட்டணத்துக்கும் இணையக் கட்டணத்துக்கும் வழியின்றி ஒடுங்கிப்போனவையும் பல. வட இந்தியாவில் இன்னும் கடுமையான பாடம் கிடைத்தது. 1999 இல் டில்லியின் கால்காஜிப் பகுதியில் சுகதா மித்ரா என்னும் அறிஞர் ஒரு சுவரிலே துவாரமிட்டுக் கணினியைப் பதித்து, சேரிப் பிள்ளைகள் ஆசிரியரின்றித் தாமே கற்கக் கண்டார். உலகம் முழுவதும் அது பேசப்பட்டது. அதனைப் பின்பற்றி இமயமலைச் சாரலில் அல்மோராப் பகுதியில் நிறுவிய கணினிகளைச் சில ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ச்சியாளர் ஒருவர் தேடிச் சென்றபோது, அவை கைவிடப்பட்ட நிலையிலே காணப்பட்டன. பிள்ளைகளின் ஆர்வம் எத்தனை மெய்யானதாயினும், பழுதுபார்ப்பாரும் பொறுப்பேற்பாரும் அற்ற இயந்திரம் நெடுநாள் வாழ்வதில்லை.

கொத்மலைச் சமூக வானொலியின் முயற்சியையும் இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். 1998 இல் யுனெஸ்கோவின் உதவியோடு அவ்வானொலி இணையத்தைப் பெற்றபோது, மலைநாட்டுக் கிராமத்தார் கேட்கும் கேள்விகளுக்கு அறிவிப்பாளர் ஒலிபரப்பின்போதே இணையத்தில் விடைதேடித் தம் மொழியில் விளக்கினார். ஒரு கணினிக்கு ஒருவர் என்ற கணக்கு அங்கே பொய்த்தது. ஆகவே, கணினிகள் இருபது இல்லையே என்று ஏங்கி வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

நிர்மாணக் காரியத்துக்கு வருவோம். புதிய கணினிகளை விலைக்கு வாங்குவதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. 2025 ஒக்டோபர் 14 ஆந் திகதியுடன் விண்டோஸ் 10 என்னும் இயக்க மென்பொருளுக்கு அதனை ஆக்கிய கம்பனி வழக்கமான பாதுகாப்பு ஆதரவை நிறுத்திக்கொண்டது. அடுத்த பதிப்பை ஏற்கும் தகுதி பல பழைய கணினிகளுக்கு இல்லை. எனவே வங்கிகளும் காரியாலயங்களும் உயர்கல்வி நிலையங்களும், உறுப்புக்களில் யாதொரு குறையுமில்லாத கணினிகளைக்கூடக் கழித்து ஒதுக்கும் காலம் இது. அந்தக் கணினியில் விண்டோஸை அகற்றி லினக்ஸ் என்னும் சுதந்திர இயக்க மென்பொருளை நிறுவினால் அது இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். கேரள அரசாங்கம் தன் பாடசாலைக் கணினிக்கூடங்களைச் சுதந்திர மென்பொருளிலேயே நடத்தி வருகிறது. ஸ்பெயினின் வறிய மாநிலமான எக்ஸ்ட்ரெமதுரா 2002 இலேயே தனக்கென ஒரு லினக்ஸ் பதிப்பை ஆக்கிப் பாடசாலைகளுக்கு வழங்கியது. கள்ளப் பிரதியை நிறுவுவது இலவசமன்றோ என்று சொல்வோருக்கு என் பதில் இதுதான்: பிறர் உழைப்பைக் களவாடிப் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்ட வேண்டிய அவசியம் நமக்கில்லை, அன்றியும், கள்ளப் பிரதியோடு வரும் வைரஸ் கூடத்தை ஒரு மாதத்திலே முடக்கிவிடும்.

தானமாக வரும் கணினிகளைப் பெறும்போது இரண்டு கவனங்கள் வேண்டும். அவற்றின் வன்தட்டிலுள்ள பழைய தகவல்களை முற்றாக அழித்த பின்னரே உபயோகிக்க வேண்டும்; வங்கிக் கணக்கும் நோயாளர் விபரமும் பிறர் கண்ணில் படுதல் ஆகாது. அடுத்து, இயங்காத கணினியை வேண்டாமென்று தள்ளிவிடாதீர்கள். மூன்று செத்த கணினிகளிலிருந்து உயிருள்ள இரண்டை ஆக்கலாம். நேரமும் திகதியும் மாறிப்போய்த் தொடங்க மறுக்கும் கணினிக்குப் பல வேளைகளில் நாணயம் போன்ற ஒரு சிறு பற்றரியே மருந்து. நினைவகத் தகட்டின் முனைகளில் கடற்காற்றினால் படிந்த களிம்பை, பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பரால் தேய்த்து எடுத்தாலே உயிர் பெறும் கணினிகளை இக்கரையின் திருத்துநர்கள் தினமும் காண்கிறார்கள்.

விரைவின் உண்மையான இரகசியம் வேறொன்றில் இருக்கிறது. பத்துக் கணினிகளிலும் தனித்தனியே மென்பொருளை நிறுவி, தனித்தனியே பேணி, தனித்தனியே பழுதுபார்ப்பதுதான் காலத்தையும் பணத்தையும் உறிஞ்சுவது. 1999 இல் அமெரிக்காவில் தோன்றி, ‘லினக்ஸ் டெர்மினல் சேர்வர் புரொஜெக்ட்’ என்று பெயர்பெற்ற முறையிலே, நல்ல நினைவகமுடைய ஒரு கணினியை மட்டும் சேர்வராக வைத்து, மற்றவற்றைக் கேபிள் வழியாக அதனோடு இணைத்துவிடுகிறார்கள். மற்றக் கணினிகளில் வன்தட்டே வேண்டியதில்லை. மின்னை இட்டதும் அவை வலையமைப்பின் வழியே சேர்வரிடமிருந்து இயக்க மென்பொருளைப் பெற்று எழுந்துகொள்கின்றன. கலியாண வீட்டிலே ஓரிடத்தில் சமைத்துச் சஹன் சஹனாகப் பரிமாறுவது போன்ற ஏற்பாடு இது. ஒரு புதிய மென்பொருளைச் சேர்வரில் ஒருமுறை நிறுவினால் எல்லாத் திரைகளிலும் அது தோன்றும். ஒரு மாணவன் எந்த இருக்கையில் அமர்ந்தாலும் தன் பெயரைக் கொடுத்துத் தன் கோப்புக்களை எடுத்துக்கொள்ளலாம். ஒரு கணினி பழுதானால் அதனை எடுத்துவிட்டு வேறொன்றை அவ்விடத்தில் வைத்தால் போதும். 2019 இல் இம்முறை புதிதாக எழுதப்பட்டு, கிரேக்க நாட்டுப் பாடசாலைகள் பலவற்றில் இன்று வழக்கிலிருக்கிறது. முன்பழக்கமுள்ள ஒருவருக்கு இதனை நிறுவ ஒரு பகல் போதும். அத்தகையோரை நாம் தூரத்தில் தேட வேண்டியதில்லை. நமக்கு நடந்து செல்லும் தூரத்திலே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. சம்மாந்துறையிலே அதன் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. அம்மாணவர்களுக்கும் இது பயனுள்ள பயிற்சியாக அமையும்.

சேர்வர் ஒன்று மாத்திரமே என்பதனால் அது நின்றால் எல்லாம் நிற்கும் என்ற ஆட்சேபம் சரியானதே. ஆகவே அதன் மறுபிரதியொன்றை வேறொரு வன்தட்டில் எப்போதும் ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும். கூடத்தின் பணத்தில் புதிதாக ஏதேனும் வாங்குவதென்றால் முதலில் வாங்க வேண்டியது அதுவே.

கூடத்தை அமைக்கும் அந்த ஒரு வாரத்திலே மிகுதியான நாட்களை எடுத்துக்கொள்வது கணினியன்று, மின்சாரமே. பள்ளிவாசலின் மேல்மாடியோ, கடற்றொழிலாளர் சங்கத்தின் கட்டடமோ, எந்த அறையைத் தெரிந்தெடுத்தாலும், தேர்ச்சி பெற்ற மின் இணைப்பாளரைக் கொண்டு புவித்தொடுப்பை முதலில் சோதியுங்கள். வாடைக்காற்றோடு மழையும் இடியும் வரும் மாதங்களில் புவித்தொடுப்பற்ற கூடம் ஒரே மின்னலில் அழியும். கடலை நோக்கிய சன்னல்களைக் காற்று வீசும் வேளையில் மூடி வையுங்கள்; கணினியைத் தரையில் வைக்காதீர்கள்; இரவில் துணியால் மூடுங்கள். உப்புக்காற்று இரும்பைத் தின்பதை இங்கே எவருக்கும் நான் விளக்கத் தேவையில்லை.

2022 மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்துண்டிப்பை அனுபவித்த நாடு இது. ஆகையினால் மின்சாரம் இருக்கும் என்ற நம்பிக்கையின்மேல் கூடத்தைக் கட்டக்கூடாது. இங்கே ஒரு சிறு கணக்கைச் சொல்கிறேன். பன்னிரண்டு வோல்ட்டும் நூறு அம்பியர்-மணியும் கொண்ட ஓர் ஈய-அமில பற்றரியில் அடங்கியிருப்பது ஆயிரத்து இருநூறு வாட்-மணி. அதன் ஆயுளைக் காக்க வேண்டுமானால் பாதியை மட்டுமே எடுக்கலாம், அதாவது அறுநூறு. மேசைக் கணினியும் திரையும் சேர்ந்து நூறு வாட் கொள்ளுமாயின், பத்துக் கணினிகளுக்கு அந்தப் பற்றரி அரைமணி நேரமே வரும். முப்பது வாட் கொள்ளும் பழைய மடிக்கணினிகளாயின், இன்வெர்ட்டரில் வீணாவது போக, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஓடும். ஒரு முழு வகுப்பு நடத்திவிடலாம். எனவே தானமாகக் கிடைப்பவற்றுள் மடிக்கணினிகளுக்கே முதலிடம் கொடுங்கள். பற்றரி செத்துப்போன மடிக்கணினியும் இவ்விதத்தில் பொன்னாகும். 2012 இல் கேம்பிரிட்ஜிலிருந்து முப்பத்தைந்து டொலர் விலையில் வெளிவந்த ‘ராஸ்பெரி பை’ என்னும் உள்ளங்கையளவு கணினியும், அதன் பின்வந்த வகைகளும் இன்னும் குறைவான மின்னிலே இயங்குவன. ஆனால் திரைக்கும் விசைப்பலகைக்கும் தனியே செலவு செய்ய வேண்டுமாதலால், இலவசமாகக் கிடைக்கும் பழைய மடிக்கணினியே நமக்கு மலிவு என்பது என் கணிப்பு.

இணைய இணைப்பு கிடைக்கும் வரை காத்திருப்பதும் வேண்டாத தாமதமே. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைக் கொண்ட தமிழ் விக்கிப்பீடியாவை ‘கிவிக்ஸ்’ என்ற இலவச மென்பொருளின் வழியாகச் சேர்வரில் இறக்கிவைத்தால், இணையமின்றியே எல்லாத் திரைகளிலும் அது விரியும். 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் எண்ணிம வடிவில் பாதுகாத்துவரும் ‘நூலகம்’ தளத்திலிருந்து நம் பிரதேசத்து எழுத்தாளரின் நூல்களை எடுத்து வைக்கலாம். கடந்த கால வினாத்தாள்கள், பாடநூல்கள் ஆகியவற்றையும் அவ்வாறே. யாழ் நூலை ஆக்கிய விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு இங்கிருந்து சிறு தூரமே. அவருடைய எழுத்தை ஒருமுறையேனும் வாசித்திராமல் நம் பிள்ளைகள் பரீட்சையில் சித்தியடைந்து போய்விடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தமான விஷயம்.

தமிழிலே தட்டெழுதும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே யூனிக்கோட் முறையில் கற்பியுங்கள். நம் அச்சகங்களும் காரியாலயங்களும் நெடுங்காலம் பாமினி எழுத்துருவிலே பழகிவிட்டன. அவ்வெழுத்துரு இல்லாத வேறொரு கணினியில் அந்தக் கோப்பு பொருளற்ற குறிகளாகத் தோன்றும். அதிலே தேடவும் இயலாது. இலங்கைத் தர நிர்ணய நிறுவனம் தமிழுக்கென்று எஸ்.எல்.எஸ். 1326 என்னும் நியமத்தையும் அதற்குரிய விசைப்பலகையையும் வகுத்திருக்கிறது. அதனைப் பின்பற்றினால், இன்று ஒரு மாணவி எழுதும் கட்டுரையை அவள் பேத்தியும் திறந்து வாசிக்க முடியும்.

இவையெல்லாம் ஒரு வாரத்துக்குள் ஆகக்கூடியவை. இனி நான் முதலிலே சொன்ன சாவிக்கு வருகிறேன்.

சாவி ஒருவர் கையில் இருத்தல் கூடாது. அவர் சுகவீனமுற்றாலோ வெளிநாடு சென்றாலோ கூடம் மூடிவிடும். மூவர் கையில் இருக்கட்டும்; மூவரும் கூடத்துக்கு ஐந்து நிமிட நடைக்குள் வசிப்போராக இருக்கட்டும்; அவர்களில் ஒருவரேனும் பெண்ணாக இருக்கட்டும். பெண்பிள்ளைகளை மாலையில் அனுப்பப் பெற்றோர் தயங்கும் ஊர்கள் நம்முடையவை. அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரத்தைப் பெண்களுக்கென்று ஒதுக்கி, பெண் ஆசிரியை ஒருவரையே பொறுப்பில் வைத்தால் அத்தயக்கம் நீங்கும். உம்மாமாரும் பிள்ளைகளோடு வந்து அமர்வார்கள். இஷாவுக்குப் பின் கடற்றொழிலாளருக்கும் இளைஞருக்குமாக இருக்கட்டும். கூடம் பள்ளிவாசலின் இடத்தில் அமைந்தாலும் அயலூர்த் தமிழ்ச் சகோதரரும், துறைமுகத்துக்கு வரும் சிங்களக் கடற்றொழிலாளரும் உள்ளே வர உரிமையுடையோர் என்பதை வாயிற்படியிலே மும்மொழியிலும் எழுதிவையுங்கள். புதுச்சேரிக் கிராமங்களில் விதித்த நிபந்தனை நமக்கும் பொருந்துவதே.

பண விஷயத்திலே என் கருத்து உறுதியானது. தனவந்தர் ஒருவரோ வெளிநாட்டு நிறுவனமோ எல்லாச் செலவையும் ஏற்பதை நான் விரும்பவில்லை. அவர்கள் தருவதைக் கட்டுமானத்துக்கு ஏற்றுக்கொள்ளலாம். மாதாந்த மின்கட்டணத்தையும் இணையக் கட்டணத்தையும், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பற்றரியின் விலையையும் ஊரார் செலுத்தும் சிறு சந்தாவே தாங்கவேண்டும். இயலாதவர்களுக்குச் சந்தா வேண்டாம். ஆனால் எவருக்கு வேண்டாம் என்பதை மூவருக்கு மேல் எவரும் அறியாதிருக்கட்டும். திறப்பு விழாவுக்கென்று ஒரு சதமும் செலவிடாதீர்கள். அப்பணத்தைப் பற்றரி நிதியிலே முதல் வரவாக எழுதுங்கள்.

இந்த அவையில் கூடியிருக்கும் உங்களிடம் நான் கேட்பது மிகச் சொற்பமே. வீட்டிலோ காரியாலயத்திலோ உறங்கும் பழைய கணினி வைத்திருப்போர், அது இயங்கினாலும் இயங்காவிட்டாலும், வருகிற வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள். பல்கலைக்கழக மாணவர்களே, அதற்கடுத்த சனி, ஞாயிறு இரண்டு நாட்களையும் எங்களுக்குத் தாருங்கள். அறையை யார் தருவது என்று நாளை பேசிக்கொள்ளலாம். கணினிகளின் எண்ணிக்கையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆனால் சாவியை ஏற்கப்போகும் மூவர் எவர் என்பதை மட்டும் இன்று கலைந்து செல்வதற்கு முன்னரே முடிவுசெய்து, அம்மூவரின் பெயர்களையும் கூட்ட அறிக்கையில் எழுதிக் கையொப்பமிட்டுச் செல்லுமாறு உங்களை வேண்டிக்கொள்கிறேன்.